எல்லாம் ‘எல்’ செயல்!

கேமரா வாங்கப் போறவங்க கேட்கிற முதல் கேள்வி, ‘எத்தனை மெகாபிக்ஸல்?’ ட்ரைபாட் வாங்கப் போறவங்க கேட்கிற முதல் கேள்வி, ‘எத்தனை கிலோ தாங்கும்?’ ரெண்டுக்கும் கடைக்காரர் பெருமையா ஒரு நம்பர் சொல்வார். நாமளும் பெரிய விஞ்ஞானி மாதிரி தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துடுவோம். ஆனா, இந்தக் கேமராவையும் ட்ரைபாடையும் சேர்த்து வைக்க நடுவுல உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு இருக்கு பாருங்க... பிளேட்னு சொல்வாங்க, பிராக்கெட்னு சொல்வாங்க. அதைப் பத்தி மட்டும் யாரும் மூச்சு விடுறதில்லை. மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பேரையும் ஏழு ஊர் விசாரிச்சிட்டு, தாலிக் கயிறை மட்டும் அவசரத்துக்குக் கிடைச்ச சணல்ல முடிக்கிற கதை!

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். எனக்கும் போட்டோகிராபிக்கும் இருக்கிற ஒரே சம்பந்தம், என் ரூம்மேட்டுக்கு லைட் பிடிக்கிறதுதான். பையன் திண்டுக்கல் பக்கம். சனி, ஞாயிறு வந்தா காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழான்னு திருச்சியைச் சுத்திக் கிளம்பிடுவான். கையில இருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கேனான் 1500டி. 2018-ல் வந்த மாடல். அவனோட மெஸ் பில், எக்ஸாம் ஃபீஸ், தங்கச்சிக்கு தீபாவளி சுடிதார் எல்லாமே அந்தக் கறுப்பு டப்பாவுக்குள்ள இருந்துதான் வருது. அது கீழே விழுந்தா, அவனோட அடுத்த செமஸ்டரும் கூடவே விழும்.

முன்னெல்லாம் விசேஷ வீட்டு வீடியோன்னா டி.வி-ல போட்டுப் பார்க்கிறது. கேமராவைப் படுக்கை வசத்துல வெச்சா போதும். இப்ப எல்லாருக்கும் ரீல்ஸ் வேணும், ஸ்டேட்டஸ் வேணும். ‘தம்பி, போன்ல முழுசாத் தெரியற மாதிரி நெட்டுக்குத்தலா எடுத்துக் குடுங்க’ன்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே சொல்லிடுறாங்க. அகலம் 9, உயரம் 16. ஆனா கேமரா கம்பெனிக்காரங்க காலங்காலமா அடியில மட்டும்தானே திருகு ஓட்டை வெச்சிருக்காங்க? இப்பத்தான் கொஞ்சம் முழிச்சிருக்காங்க. 2025-ல் வந்த கேனான் ஆர்50 வி-யில் பக்கவாட்டுலயும் ஒரு ஓட்டை உண்டு. நம்ம பையன் கேமராவுல அந்தக் குடுப்பினை இல்லை. ட்ரைபாட் தலையை 90 டிகிரி சாய்ச்சு, கேமராவை ஒரு பக்கமா தொங்கவிடணும்.

தொங்கவிட்டான். போன ஆவணியில ஒரு காதுகுத்து. கூட்டம் நெரியுதுன்னு தூரத்துல இருந்து 55-250 லென்ஸைப் போட்டு, ஃப்ரேம் வெச்சு, ரெக்கார்டைத் தட்டிட்டு, போனை எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடிட்டான். நான் அந்தப் பக்கம் லைட்டோட நிக்கிறேன். அப்புறம் வீடியோவைப் போட்டுப் பார்த்தா... ஆரம்பத்துல குழந்தை முகம். அழகு! கொஞ்ச நேரத்துல கழுத்து. அப்புறம் தாய்மாமன் தொப்பை. ஆசாரி ஊசியை எடுத்து, குழந்தை வீல்னு அலறும்போது ஸ்கிரீன் முழுக்க தாம்பாளத் தட்டும் வெத்தலைபாக்கும்! லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமா மூக்கைக் கவுத்திருக்கு. பேசின காசுல 1,000 ரூபாயைக் கழிச்சிட்டாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை. ‘இன்னொரு டேக் போகலாம்’னு திரும்பக் காது குத்தச் சொல்ல முடியுமா?

இவ்வளவுக்கும் அந்த ட்ரைபாட் டப்பா மேல ‘5 கிலோ தாங்கும்’னு போட்டிருந்துச்சு. கேமரா 475 கிராம், லென்ஸ் 375 கிராம். மொத்தமே 850 கிராம்தான். அப்ப எடை பிரச்னை இல்லை. பத்தாம் கிளாஸ்ல படிச்சு, பரீட்சை எழுதி, அதோட மறந்துட்டோமே திருப்புத்திறன்... விசையைத் தூரத்தால பெருக்கணும்னு... மேட்டர் அங்கே இருக்கு. டப்பாவுல கிலோ போடுறான், எவ்வளவு தூரத்துலன்னு போடுறதில்லை.

ஹாஸ்டல் ரூம்ல ஸ்கேலை நிமிர்த்தி வெச்சு, அது மேல கேமராவை பேலன்ஸ் பண்ணிப் பார்த்தோம். ஜூம் நீண்டிருக்கும்போது எடை மையம் திருகு ஓட்டைக்கு சுமார் 5 செ.மீ. முன்னாடி வருது. 850 கிராம்னா 8.3 நியூட்டன். பெருக்கினா 0.42 நியூட்டன் மீட்டர். சின்ன நம்பர்தான். ஆனா கேமராவைப் பக்கவாட்டுல திருப்பினதும் அடித் திருகு படுத்துடுது இல்லையா? அப்ப மொத்த லென்ஸும் அந்த ஒத்தைத் திருகை அச்சா வெச்சுக் கீழே சுத்தப் பார்க்கும். அரை லிட்டர் தண்ணி பாட்டிலை எட்டரை செ.மீ. குச்சி நுனியில கட்டித் தொங்கவிட்டா குச்சியோட மறுமுனை என்ன பாடுபடுமோ, அதே பாடு. அதைத் தடுக்கிறது பிளேட் மேல ஒட்டியிருக்கிற ரப்பரோட உராய்வு மட்டும்தான். ரப்பர் அமுங்க அமுங்க திருகோட இறுக்கம் குறையும். இறுக்கம் குறைஞ்சா உராய்வு குறையும். தொப்பை, தாம்பாளம், வெத்தலைபாக்கு...

இது ஒரு வில்லன். இன்னொரு வில்லனும் இருக்கான். தலையைச் சாய்ச்சதும் மொத்தக் கேமராவும் நடுக்கம்பியை விட்டு 10 செ.மீ. தள்ளி வெளியே தொங்குது. யாராவது ஒரு பொடியன் காலைத் தட்டினா ட்ரைபாடே அந்தப் பக்கம் சாயும். இந்த ரெண்டாவது வில்லனுக்குப் பிறந்த ஹீரோதான் எல்-பிராக்கெட். ஆங்கில எல் எழுத்து மாதிரி ஒரு உலோகம். ஒரு கை கேமரா அடியில, இன்னொரு கை இடது பக்கவாட்டுல. ட்ரைபாட் தலையைச் சாய்க்கவே வேண்டாம். கேமராவைக் கழட்டி, பக்கவாட்டுக் கையால மாட்டினா, நெட்டுக்குத்தலா நடுக்கம்பிக்கு நேர் மேல உட்கார்ந்துடும்.

‘அப்ப ஏதோ ஒரு எல் வாங்கினா முடிஞ்சுதே’ன்னு ரூம்மேட் குதிச்சான். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். கேமராவைப் பிடிச்சிருக்கிறது எல்லிலும் அதே ஒத்தைத் திருகுதான். பக்கவாட்டுக் கைக்கும் கேமரா உடம்புக்கும் நடுவுல விரல் போற இடைவெளி இருந்தா, முதல் வில்லன் அப்படியே உயிரோட இருப்பான். கை உடம்போட ஒட்டி நிக்கணும். இல்லேன்னா அடித் தகட்டோட பின் விளிம்புல சின்னதா ஒரு உதடு மாதிரி எழும்பி, கேமரா முதுகைப் பிடிச்சுக்கணும். ரெண்டும் இருந்தா அமோகம். ரெண்டும் இல்லாத எல், மேக்கப் போட்ட பழைய பிளேட். அவ்வளவுதான்.

மாடலுக்கு மாடல் உடம்போட ஒட்டுற மாதிரி தனித்தனியா செய்யுற கம்பெனிகள் இருக்கு. அமெரிக்காவுல ரியலி ரைட் ஸ்டஃப், கிர்க் ரெண்டும் இதுல பெரிய பேரு. விலையைப் பார்த்துட்டு சைலன்ட்டா பக்கத்தை மூடிட்டோம். நமக்கு எல்லா கேமராவுக்கும் பொருந்தும்னு விக்கிற ரகம்தான். அதுல எது, எப்படிங்கிறதுதான் அடுத்த அரை நாள் பட்டிமன்றம்.

நடுவுல ஒரு கிளைக்கதை. பழைய பிளேட்டோட திருகுல மரை தேய்ஞ்சிருந்தது. பக்கத்து ரூம் நண்பன், ‘லேப்ல எம்-6 போல்ட் கிடக்கு, அதைப் போட்டு முறுக்குடா’ன்னான். மரை கழண்ட கேஸ்னு இவனைத்தான் சொல்லணும்! எம்-6 போல்ட் 6 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1 மி.மீ. கேமரா ஓட்டை கால் இன்ச், அதாவது 6.35 மி.மீ. ஒரு இன்ச்சுக்கு 20 மரை. மரைக்கு மரை 1.27 மி.மீ. எம்-6 சிக்குனு ரெண்டு சுத்து உள்ளே போகும், அப்புறம் முரண்டு பிடிக்கும். பலம் போட்டா காலியாகிறது கேமராவோட மரை. ஹார்டுவேர் கடையில கால் இன்ச் போல்ட்னு கேட்டா, பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரை கிடைக்கும். அதுலயும் இன்ச்சுக்கு 20தான். மரையோட கோணம் மட்டும் 60 டிகிரிக்குப் பதிலா 55. ஆபத்துக்குப் பாவமில்லை, பொருந்தும். நீளத்துல மட்டும் ஜாக்கிரதை. கேமராவுக்குள்ள நாலரை மி.மீ. வாக்குல போனாலே போதும். அதுக்கு மேல நீட்டின போல்ட்டை முறுக்கினா ஓட்டையோட அடியை முட்டித் தள்ளும். இந்த ட்ரைபாட் இணைப்புக்குன்னே ஐ.எஸ்.ஓ. 1222-ன்னு ஒரு சர்வதேசத் தர அளவு இருக்குங்கிறது எங்க ஹாஸ்டல்ல அன்னிக்கு பிரேக்கிங் நியூஸ்.

சரி, கடைக்கு வருவோம். கேமராவைத் தூக்கிக்கிட்டே போனோம். இது ரொம்ப முக்கியம் பாஸ். படத்தைப் பார்த்து வாங்குற விஷயமில்லை இது. 1500டி-யில பேட்டரி, மெமரி கார்டு ரெண்டும் அடியில ஒரே கதவுக்குள்ள. அகலமான பிளேட் கதவை மறைச்சா, கார்டு மாத்த ஒவ்வொரு தடவையும் திருகைக் கழட்டணும். தாலி கட்டுற நேரத்துல கார்டு ஃபுல் ஆச்சுன்னா கெட்டிமேளத்தை நிறுத்தச் சொல்வீங்களா? பக்கவாட்டுக் கை, இடது பக்கத்து யு.எஸ்.பி., ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டைகளை மறைக்கும். இவனுக்கு அது கவலையில்லை. 1500டி-யில வெளி மைக் மாட்ட ஓட்டையே கிடையாது. சத்தத்தைத் தனியா போன்லதான் பிடிக்கிறான். ஆனா 200டி மார்க் 2 மாதிரி ஸ்கிரீன் இடது பக்கம் திறக்கிற கேமரா வெச்சிருக்கிறவங்க, கை அதுக்கு இடிக்குதான்னு கண்டிப்பா பார்த்தே ஆகணும்.

கடைக்காரர் மூணு பீஸை எடுத்துப் போட்டார். ஒண்ணு 350 ரூபாய்க்குச் சாதா பிளேட். ரெண்டாவது, ஒரே வார்ப்பா வளைச்ச எல். நம்ம கேமராவுல மாட்டினா பக்கவாட்டுல ஒரு விரல் இடைவெளி. மூணாவது, கை முன்னும் பின்னும் நகர்ற எல். நகர்த்தி உடம்போட ஒட்டவெச்சு, அலன் கீயால இறுக்கலாம். பின்னாடி உதடும் உண்டு. பேட்டரிக் கதவுக்கு முன்னாலேயே தகடு முடிஞ்சிடுது. விலை 1,850.

“டேய், 1,850 குடுத்து ஒரு தகரத்தை வாங்கணுமாடா?”

“தகரம் இல்லடா, அலுமினியம்.”

“எங்க வீட்டு இட்லிக் குண்டானும்தான் அலுமினியம்!”

அவன் கோபத்துல நியாயம் இருந்தது. பையில இருந்தது 2,400. திங்கட்கிழமை எக்ஸாம் ஃபீஸ் 1,750 கட்டக் கடைசி நாள். தாண்டினா ஃபைன். ஞாயித்துக்கிழமை ஒரு வளைகாப்பு ஒப்புக்கிட்டிருந்தான், பாக்கி 2,500 வேலை முடிஞ்சதும் கைக்கு வரும். பிராக்கெட் வாங்கினா ஃபீஸ் பணம் இல்லை. வாங்காம போனா அந்த 2,500 முழுசா வரும்னு நிச்சயமில்லை. நான் என்ன பெரிய யோசனை சொல்றது? பணம் அவனோடது, கேமரா அவனோடது. கணக்கை மட்டும் இன்னொரு தடவை சொன்னேன்.

இதுல இன்னொரு பூதம் கிளம்புச்சு. இந்த எல் வகையறாவுல பாதிக்கு மேல ஆர்கா ஸ்விஸ் பாணி. அந்தப் பேருல இருக்கிற கம்பெனி கொண்டு வந்த அமைப்பு. தகட்டோட ரெண்டு ஓரமும் சரிவா இருக்கும், சுமார் 38 மி.மீ. அகலம். நம்ம லேத் மெஷின்ல ஸ்லைடு ஓடுமே டவ்டெயில், அதேதான். அதைக் கவ்வ ட்ரைபாட் தலையில அதுக்கான கிளாம்ப் இருக்கணும். இவன் ட்ரைபாடுல இருக்கிறது வேற சைஸ். தனியா கிளாம்ப் வாங்கினா இன்னொரு 650. அதுலயும் நெம்புகோல் ரகத்தைவிட, குமிழைத் திருகி இறுக்குற ரகம் நல்லது. 38-ங்கிறது எல்லாரும் கையெழுத்துப் போட்ட சட்டமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி துளி முன்னே பின்னே இருக்கும். குமிழ் அந்தத் துளியை அனுசரிச்சுக்கும்.

கிளாம்ப்புக்குக் காசில்லை. அப்பத்தான் எல்லோட பக்கவாட்டுக் கையில இருக்கிற கால் இன்ச் ஓட்டை கண்ணுல பட்டது. ட்ரைபாடோட சொந்த பிளேட்டை அதுல நிரந்தரமா முறுக்கிட்டா? கேமரா ட்ரைபாடுல எப்பவும் நெட்டுக்குத்தலாவே நிக்கும். விசேஷ வீட்டுல கேட்கிறதும் அதைத்தான். படுக்கை வசத்துல குரூப் போட்டோ வேணும்னா கழட்டிக் கையில பிடிச்சு எடுக்கலாம். தலையைச் சாய்க்கிற வேலையே இல்லை. கடைக்காரரே, “தம்பி, நல்லாத்தான் யோசிக்கிறீங்க”ன்னார். கிளாம்ப் விக்க முடியலையேன்னு வருத்தமோ என்னவோ, பில்லுல ஒரு ரூபா குறைக்கலை!

ராத்திரி ரூம்ல டெஸ்ட். கேமரா உடம்புல ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப், பிராக்கெட்ல ஒரு துண்டு. ரெண்டுக்கும் குறுக்கே பென்சில்ல ஒரே கோடு. 55-250 மாட்டி, ஜூமை முழுசா நீட்டி, கீழே மெத்தையை விரிச்சு, அரை மணி நேரம் விட்டுட்டோம். அடுத்து, பக்கத்துல பத்துத் தடவை குதிச்சோம். (கீழ் ரூம் சீனியர்கள் மேல வந்து விசாரிச்சது தனிக் கதை.) கோடு கோடாவே இருந்தது. பழைய பிளேட்டையும் ஒரு ரவுண்டு வெச்சுப் பார்த்தோம். பதினஞ்சு நிமிஷத்துல கோடு ரெண்டாப் பிரிஞ்சு, நடுவுல ஒரு அரிசி போற இடைவெளி.

வளைகாப்பு லால்குடி பக்கம். முதல் வளையல்ல இருந்து கடைசி கலவை சாதம் வரைக்கும் கேமரா நின்ன இடத்துல நின்னது. ஒரு பாட்டி பட்டுப்புடவையோட ட்ரைபாட் காலை உரசிக்கிட்டே போனாங்க, எனக்குத்தான் மூச்சு நின்னுது. பாக்கி 2,500-ம் கைக்கு வந்துச்சு. திங்கட்கிழமை மதியம் ஆபீஸ் கவுன்ட்டர் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது ஃபீஸ் கட்டினான்.

அந்த டேப்பை மட்டும் இன்னும் பிரிக்கலை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்னாடி கோடு ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பையை மூடுறான். அலன் கீயை ரூம் சாவிக் கொத்துல கோத்துட்டான். இப்ப கிளாம்ப்புக்காக ஒரு டப்பாவுல காசு சேருது. போன வாரம் எண்ணினப்போ 410 இருந்தது.