சோழியும் விண்ணும்

அலை ஒதுக்கிய சோழிகளைக் கடற்கரையில் சிறுவர் பொறுக்கி விளையாடுவர். மகளிர் அவற்றைப் பல்லாங்குழியில் இட்டுப் பொழுது போக்குவர். அச்சிறு பொருளைத் தரையில் பரப்பி, விண்ணில் விரையும் திங்களின் இருப்பிடத்தைக் கணித்தவர் நம் நாட்டில் வாழ்ந்தனர் என்றால் கேட்போர்க்கு வியப்புத் தோன்றும். ஆயினும் அது கட்டுக்கதை அன்று. நேரிற் கண்டவர் எழுதிவைத்த வரலாறே ஆகும்.

ஜான் வாரன் என்பவர் ஆங்கிலேயரின் படையிற் பணியாற்றியவர். சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் தாங்கியவர். தென்னாட்டில் வழங்கிய கால அளவைகளை ஆராய்ந்து, ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் கண்டார். அவ்வாண்டு மே 31 ஆம் நாளுக்கும் ஜூன் முதல் நாளுக்கும் இடைப்பட்ட இரவிற்குரிய சந்திர கிரகணத்தை அக்கணிதர் அவருக்குக் கணித்துக் காட்டினார்.

கணிதர் எழுதுகோலை எடுக்கவில்லை. சோழிகளை நிரல்பட வைத்தார், மாற்றினார், நீக்கினார். நெஞ்சிற் பதிந்திருந்த வாய்பாடுகளை நினைவுகூர்ந்தார். கணக்கு முடிந்தது. கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கிற்கும் உண்மைக்கும் இடையே 4 நிமிட வேறுபாடே இருந்தது. நடுப்பொழுதில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டன.

இக்கணக்கு எவ்வாறு இயன்றது? அதன் உள்ளமைப்பை அறிதல் நலம்.

திங்கள் நாள்தோறும் ஒரே விரைவிற் செல்வதில்லை. நிலவுலகிற்கு அணிமையில் வரும்போது விரைந்தும், சேய்மையிற் செல்லும்போது தளர்ந்தும் இயங்கும். இவ்வேறுபாடு ஒருமுறை சுழன்று முடிய ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். இத்தகைய சுழற்சி ஒன்பது சேர்ந்தால் 248 நாள் வரும். எனவே, 248 நாளுக்கும் திங்களின் இருப்பிடத்தைக் கண்டுவைத்தால், அதன்பின் அதே வரிசை மீண்டும் வரும் அன்றோ! முன்னோர் நாள் ஒன்றுக்கு ஒரு வாக்கியமாக 248 சிறு வாக்கியங்களை அமைத்தனர். அவற்றை இயற்றியவர் வரருசி என்பது மரபு. இவற்றால் நடைபெறுவதே வாக்கியப் பஞ்சாங்கம்.

வாக்கியத்தில் எண் எவ்வாறு அடங்கும்? வடமொழி எழுத்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணை வகுத்திருந்தனர். கமலம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் ககரத்திற்கு 1, மகரத்திற்கு 5, லகரத்திற்கு 3 என்பது கணக்கு. இறுதியில் நிற்கும் ஒற்றுக்கு மதிப்பில்லை. எண்களை வலமிருந்து இடமாகப் படித்தால் கமலம் என்பது 351 ஆகும். எண்களின் நீண்ட வரிசையை மனத்தில் இருத்துவது அரிது. பொருளுள்ள சொல்லை இருத்துவது எளிது.

ஒன்பது சுழற்சியும் 248 நாளும் முற்றும் ஒத்தவை அல்ல. சிறு பிழை எஞ்சும். அப்பிழை பெருகாதிருக்க 3031 நாள், 12372 நாள் என்னும் நெடுஞ்சுழற்சிகளையும் முன்னோர் கொண்டனர். குறித்த ஒரு நாள் முதல் கழிந்த நாள்களை முதலில் 12372 ஆலும், எஞ்சியதை 3031 ஆலும், அதிலும் எஞ்சியதை 248 ஆலும் வகுத்தால், இறுதியில் நிற்கும் எண் உரிய வாக்கியத்தைச் சுட்டும். தரையிற் கிடந்த சோழிகளின் வேலை இத்தகைய கூட்டலும் கழித்தலும் வகுத்தலுமே ஆகும்.

வாரனுக்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே இம்முறையைக் கண்டு வியந்தவர் லெ ஜென்தீல் என்னும் பிரெஞ்சு வானநூலார். வெள்ளி கதிரவனின் வட்டத்தைக் கடக்கும் அரிய காட்சியைக் காண அவர் 1760 ஆம் ஆண்டு தம் நாட்டினின்றும் புறப்பட்டார். புதுச்சேரியோ ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. 1761 ஆம் ஆண்டில் அக்காட்சி நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார். மீண்டும் 1769 ஆம் ஆண்டு வரை காத்திருந்து புதுச்சேரியில் கருவிகளை அமைத்தார். உரிய நாளில் மேகம் வானை மூடிக்கொண்டது. இரு முறையும் ஏமாந்த அவர் வெறுங்கையுடன் மீளவில்லை. தமிழர்தம் வானக் கணித முறையைப் பயின்று, அதனை விரிவாக எழுதி ஐரோப்பாவிற்கு அறிவித்தார்.

எழுதுகோலின்றிச் சோழிகளால் தமிழர் விரைந்து கணிப்பதை அவர் பாராட்டினார். 1765 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழ் முறையிற் கணித்தபோது, அது நீடித்த காலம் 41 விநாடி குறைவாக வந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் புகழ் பெற்றிருந்த தொபியாஸ் மாயரின் வாய்பாடோ 68 விநாடி மிகுதியாகக் காட்டியது.

இவ்விரு நிகழ்ச்சிகளுள் ஒன்றை மட்டும் அறிந்தவன் தவறான முடிவுக்கு வருவான். 41 விநாடியை மட்டும் கேட்டவன், ‘நம் முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை’ என்று செருக்குறுவான். 52 நிமிடத்தை மட்டும் கேட்டவன், ‘பழமை பயனற்றது’ என்று எள்ளுவான். இருவரும் கற்றவர் ஆகார். இரண்டையும் எதிரே வைத்து, ‘ஒரிடத்தில் பொருந்தியதும் மற்றோரிடத்தில் பிறழ்ந்ததும் ஏன்?’ என்று வினவுபவனே பழங்கலையைப் பயிலத் தகுதியுடையவன்.

அவ்வினா பிறர் நாட்டினின்று வந்ததன்று. கேரளத்தில் வாழ்ந்த பரமேசுவரர் என்னும் வானநூலார் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்ணால் நோக்கிக் குறித்துவந்தார். பழைய கணக்கும் தாம் கண்டதும் மாறுபடுவதை உணர்ந்து, கணக்கைத் திருத்தி 1431 ஆம் ஆண்டில் ‘திருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். இப்பெயரின் முதலில் நிற்பது சிறப்பைக் குறிக்கும் ‘திரு’ அன்று. பார்வையைக் குறிக்கும் வடசொல்லாகும். காட்சியோடு ஒத்த கணிதம் என்பது அதன் பொருள். அவருக்கு முன் வாழ்ந்த மாதவர் என்பாரும் 248 வாக்கியங்களை மேலும் நுட்பமாகத் திருத்தி அமைத்தார். முன்னோர் தந்ததைப் போற்றுவதும் அதனைச் சோதிப்பதும் அவர்களுக்குப் பகையாகத் தோன்றவில்லை.

புதுச்சேரிக் கணிதரிடம் குறைந்திருந்தது அச்சோதனையே. அவர் வானநூற் கொள்கை எதனையும் அறியாதவர் என்றும், நினைவாற்றல் ஒன்றே அவர் துணை என்றும் வாரன் குறித்துள்ளார். அது அவர்மேற் குற்றமன்று. பல தலைமுறைகள் வாய்மொழியாகக் காத்துத் தந்த செல்வத்தை ஓர் எண்ணும் சிதறாமல் அவர் சுமந்துவந்தார். ஆனால், அச்செல்வத்தைத் திறக்கும் காரணம் என்னும் திறவுகோல் வழியில் எங்கோ நழுவிவிட்டது. காரணம் அறியாதவன் பிழையைக் காணலாம், திருத்த இயலாது.

நழுவிய திறவுகோலைப் பின்வந்த அறிஞர் தேடி எடுத்தனர். ஓட்டோ நாய்கெபாவர் என்னும் கணித வரலாற்று அறிஞர் 1952 ஆம் ஆண்டில் வாரன் எழுதிவைத்த கணக்கை ஆராய்ந்து, அதற்கும் பண்டைப் பாபிலோனியர் கணக்கிற்கும் உள்ள ஒப்புமையை விளக்கினார். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் இம்முறையின் மூலநூலாகிய ‘வாக்கிய கரணம்’ என்பதை உரையுடன் பதிப்பித்தனர்; அது 1962 ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. வாரனும் லெ ஜென்தீலும் கண்டதைக் கண்டவாறு எழுதியிராவிடின், ஏடெழுதினோர் தலைமுறைதோறும் படியெடுத்திராவிடின், இவ்வாராய்ச்சிகளுக்கு இடமே இராது.

இன்றும் சிற்பம், மருத்துவம், நெசவு, இசை ஆகிய கலைகளை நெஞ்சிலும் கையிலும் சுமந்து வாழ்வோர் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களை அணுகும் மாணவன் முதலிற் பணிவுடன் கேட்டல் வேண்டும். கேட்டதைப் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். பின் அஞ்சாது, ‘ஏன்?’ என்று வினவுதல் வேண்டும். மனப்பாடம் கலையைக் காக்கும்; ஆராய்ச்சி அதனை வளர்க்கும். காத்தலும் வளர்த்தலும் ஒருவரிடத்தே கூடுமாயின், தரையிற் கிடக்கும் சிறு சோழியும் விண்ணை அளக்கும் கருவியாகும்.