1.8-ஐ 3.0 ஆக்கப் போன கதை

செமஸ்டர் லீவுல சும்மா இருக்க முடியாம அடியேன் செஞ்ச ஒரு வேலையைப் பத்தித்தான் இன்னிக்கு.

எங்க வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. எனக்கு மூணு வயசு இருக்கும்போது, 2008-ல, அப்பா வாங்கினது. இன்டெல் பென்டியம் டூயல்-கோர் இ2160, 1.8 கிகாஹெர்ட்ஸ். ஜி31 போர்டு, 2 ஜிபி டிடிஆர்2-800 ராம். நெய்வேலி டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் மாறும்போதெல்லாம் துணிமூட்டைக்கு நடுவுல அதுவும் கூடவே வந்துச்சு. இந்த ப்ராசஸரை 3.0 வரைக்கும் ஓட்டலாம்னு படிச்சதும் கை சும்மா இருக்கல.

கணக்கு ரொம்ப சிம்பிள். பஸ் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ், அதை 9-ஆல பெருக்கினா 1800. அந்த 9-ஐக் கூட்ட முடியாது, இன்டெல் பூட்டி வச்சிருக்கு. 200-ஐ ஏத்தலாம். 266 ஆக்கினா 2.4, 333 ஆக்கினா 3.0. செலவு ஒரு தெர்மல் பேஸ்ட் ட்யூப் மட்டும்தான். ("தெர்மல்ல பேஸ்ட் கூடவா விக்கிறாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. எங்க ஊர்ல தெர்மல்னா பவர் ஸ்டேஷன்!)

முதல் தடவை பயாஸ்ல 266 போட்டு சேவ் பண்ணினேன். ஃபேன் சுத்துது, திரை கருப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. போர்டுல இருக்குற பேட்டரியைக் கழட்டி மாட்டினதும்தான் உயிர் வந்துச்சு. தப்பு ப்ராசஸர்ல இல்ல. ராமும் அதே பஸ்ஸைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஓடுது. 800-ல இருந்தது 1066 ஆகிடுச்சு. ராமை 533-க்கு இறக்கி வச்சா 266-ல அது 710 கிட்ட நிக்கும். அப்படி வச்சதும் 2.4 ஜம்முனு வந்துச்சு, வோல்டேஜைத் தொடவே இல்ல.

அதோட நிறுத்தியிருக்கணும்.

333 போட்டேன். விண்டோஸ் வர்றதுக்குள்ள நீலத் திரை. வோல்டேஜை 1.3-லிருந்து 1.43 ஆக்கினேன். ஓடுச்சு! வேகம் கூடுற அளவுக்கு சூடும் கூடும், வோல்டேஜ் கூடினாலோ அதோட வர்க்கத்துக்கு ஏறும். ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சித்திரை மாசம், ஏசி இல்லாத ரூம், 84 டிகிரி காட்டுது. ராம் மறுபடியும் எகிறி 888-ல ஓடுறதை நான் பார்க்கவே இல்ல. பிரைம்95 நாலாவது நிமிஷமே பிழைன்னு நின்னுச்சு. அதை மூடிட்டு, 'ஓடுதுல்ல, போதும்'னு ஹார்ட் டிஸ்க்கை ஒழுங்குபடுத்த ஆரம்பிச்சேன். அப்பாவோட போட்டோ ஃபோல்டரை சி-யிலிருந்து டி-க்கு மாத்தினேன். காப்பி எடுக்கல, கட் பண்ணித்தான்.

மறுநாள் அப்பா ஒரு படத்தைத் தேடினார். அவர் வேலை பார்த்தது தெர்மல்-1-ல. சோவியத் உதவியோட கட்டி 1962-ல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்ச ஸ்டேஷன், 600 மெகாவாட், 2020-ல மூடிட்டாங்க. கடைசி ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் மாஸ்க்கோட நின்னு எடுத்த படம். திறந்தா முதல் வரிசைத் தலைகள் வரைக்கும் இருக்கு, அதுக்குக் கீழ வெறும் சாம்பல் பட்டை.

நீலத் திரை வந்தப்போ கூட ஒண்ணும் கெடல. நல்லா ஓடுற மாதிரியே ஓடிக்கிட்டு தப்புத் தப்பா எழுதியிருக்கு.

அப்பா திட்டல. "எவ்வளவுடா ஏத்தின?"ன்னு மட்டும் கேட்டார்.

"அறுபத்தாறு சதவீதம்ப்பா."

"எங்க டர்பைன் 3000 சுற்றுல ஓடும். பத்து சதவீதம் கூடிச்சுன்னா தானா ட்ரிப் ஆகி நின்னுடும். உன் மெஷின்ல ட்ரிப் எங்க இருக்கு?"

பிரைம்95 பத்திச் சொன்னேன். நான் அதை மூடினதையும் சொன்னேன்.

"அப்ப ட்ரிப் இருந்திருக்கு. நீதான் பைபாஸ் பண்ணியிருக்க."

பதில் சொல்ல வாய் வரல.

இப்ப 2.4-லதான் ஓடுது. முதல்ல எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்தினேன். அப்புறம் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், எட்டு மணி நேரம் பிரைம்95. ஒரு பிழை இல்ல, 64 டிகிரி. அந்தப் படத்துக்காக அப்பா பழைய ஷிப்ட் ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் பண்ணிக்கிட்டிருக்கார். வாட்ஸப்ல ஒரு காப்பி வந்துச்சு, சின்னதா, மங்கலா. ஒரிஜினல் மந்தாரக்குப்பத்துல ஒருத்தர்கிட்ட இருக்கலாமாம். ஞாயித்துக்கிழமை என்னையும் வண்டியில கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்.