கூலி வராத நாளிலும் இறுகிய முடிச்சு

2020ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படத்தை எங்கள் வன்னியம்பட்டியில் பார்க்காதவர் மிகச் சிலரே. சோழவந்தானைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் மகன், எத்தனையோ தடைகளைத் தாண்டி, எளிய மக்களையும் விமானத்தில் ஏற்றிக் காட்டுகிறான். படம் அந்த வெற்றியோடு நிறைவடைகிறது. பார்த்தவர்களும் மனநிறைவோடு எழுந்து போகிறார்கள். ஆனால் அக்கதைக்கு வித்தாக அமைந்த மனிதரின் வாழ்க்கை அந்த வெற்றியோடு நின்றுவிடவில்லை. அதற்குப் பின் வந்த இன்னொரு பகுதியைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

கர்நாடகத்தின் கோரூரைச் சேர்ந்த ஜி. ஆர். கோபிநாத், படைத்துறையில் கேப்டனாக இருந்தவர். 2003இல் ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கிக் குறைந்த கட்டணத்தில் மக்களைப் பறக்கச் செய்தார். பின்னர் அந்நிறுவனம் கிங்ஃபிஷருடன் இணைந்து மறைந்தது. அதன் பின்னும் அவர் ஓயவில்லை. மனிதரை ஏற்றிய கையால் சரக்கையும் ஏற்றலாம் என்று எண்ணி, 2009இல் ‘டெக்கான் 360’ என்னும் சரக்கு விமானச் சேவையைத் தொடங்கினார். நாட்டின் நடுவே இருக்கும் நாக்பூர் அதன் மையம். பல நகரங்களிலிருந்தும் மாலையில் புறப்படும் பொதிகள் நள்ளிரவில் அங்கே கூடிப் பிரிக்கப்பட்டு, விடிவதற்குள் உரிய நகரங்களைச் சென்றடைய வேண்டும் என்பது திட்டம். ஏறத்தாழ 40 டன் சுமக்கக்கூடிய ஏர்பஸ் ஏ310 விமானங்கள் வந்தன. 2010இல் ரிலையன்ஸ் நிறுவனமும் அதில் பங்கு வாங்கியது. இத்தனை இருந்தும் 2011இல் விமானங்கள் தரையில் நின்றுவிட்டன.

ஏன் நின்றன என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய பொருளியல் அறிவு வேண்டியதில்லை. நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அனுப்புகைப் பிரிவில் முப்பதாண்டுகள் எழுத்தராக இருந்தவன். நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிவண்டிக்கும் இச்சல்கரஞ்சிக்கும் போகும் லாரிக்காரர்கள் என்னிடம் வாடகை பேசும்போது முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “திரும்பும்போது லோடு கிடைக்குமா சார்?” நாசிக்கிலிருந்து வெங்காயம் கிடைத்தால் அந்தப் பயணத்தில் நாலு காசு மிஞ்சும். வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசலுக்கே கட்டாது. பயணம் போன மனிதன் என்றாவது ஒருநாள் ஊர் திரும்புவான். திரும்பும்போது பயணச்சீட்டும் வாங்குவான். அனுப்பிய நூல் மூட்டையோ திரும்பி வருவதில்லை. சரக்கு ஏற்றும் தொழிலின் அடிப்படைத் துன்பம் இதுவே. அது சாலையிலும் உண்டு, வானத்திலும் உண்டு.

வானத்தில் அத்துன்பம் பன்மடங்காகப் பெருகுகிறது. விமானம் பறந்தாலும் நின்றாலும் அதன் குத்தகைப் பணத்தை மாதந்தோறும் டாலரில் கட்டியாக வேண்டும். 2011ஆம் ஆண்டில் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்று நூறு டாலரைக் கடந்து விற்றது. விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் விதிக்கும் விற்பனை வரி வேறு. இவற்றோடு, பயணிகள் விமானங்கள் தம் வயிற்றறையில் மீதமிருக்கும் இடத்தில் சரக்கை மலிவாக ஏற்றிச் செல்கின்றன. அவற்றுக்கு அது உபரி வருமானம், சரக்கு விமானத்துக்கோ அதுவே முழு வருமானம். இந்நாட்டில் இத்தொழிலில் நிலைத்து நிற்பவர்களும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் பறந்து வருகிறது. தாய் நிறுவனமான கூரியரின் பொதிகள் அன்றாடம் அதற்குக் காத்திருக்கின்றன. சரக்கை வெளியே தேடிப் பிடிக்க வேண்டியவர்களுக்குத்தான் இரவுகள் கடினமாகின்றன.

முதலாளிகளின் இலாப நட்டத்தை நாளிதழ்கள் எழுதுகின்றன. அந்த விமானங்களில் ஏறிப் போனவர்களைப் பற்றி எழுதுவார் அரிது. அவர்களுள் ஒருவனை நான் நன்கறிவேன். அவன் என் அக்காள் மகன். வளைகுடா நாடொன்றிலிருந்து இயங்கிய ஒரு சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் லோட்மாஸ்டராகப் பணியாற்றினான். அந்நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். இன்று அது இல்லை.

லோட்மாஸ்டர் என்றால் என்ன வேலை என்று அக்காளுக்கு விளக்க அவன் பெரும்பாடு பட்டான். “மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும்போது தாத்தா முன்பாரம், பின்பாரம் பார்ப்பாரே, அந்த வேலைதான் அம்மா” என்றான் இறுதியில். அக்காளுக்கு உடனே புரிந்துவிட்டது. பின்பாரம் மிகுந்தால் வண்டியின் மேக்கால் தூக்கிக்கொள்ளும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். விமானத்திலும் எடையின் நடுப்புள்ளி குறித்த எல்லைக்குள் அமைய வேண்டும். ஒவ்வொரு பலகைச் சுமையும் எத்தனை கிலோ, எந்த இடத்தில், எத்தனை பட்டைகளால் கட்டப்பட்டது என்று கணக்கிட்டு, தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அத்தாளைக் கேப்டன் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே விமானம் கிளம்பும்.

ஒரு கட்டத்தில் அந்நிறுவனத்தில் சம்பளம் தவறத் தொடங்கியது. முதல் மாதம் பத்து நாள் தாமதம். அடுத்த மாதம் பாதிச் சம்பளம். அதன் பிறகு வெறும் உறுதிமொழிகள். ஐந்து மாதங்கள் இப்படிப் போயின. “வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதானே” என்று ஊரில் எளிதாகச் சொன்னார்கள். அவர்களுடைய நிலைமை அத்தனை எளிதன்று. விமானிக்கு எல்லா விமானத்தையும் ஓட்ட உரிமை கிடையாது. குறிப்பிட்ட வகைக்கே தகுதிச் சான்று தரப்படுகிறது. இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுவது, பயணிகள் சேவையிலிருந்து கழிக்கப்பட்ட பழைய வகைகளை. அவ்வகைக்கு வேறெங்கும் வேலை எளிதில் அமையாது. தொண்ணூறு நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறையேனும் ஏற்றி இறக்கியிராத விமானி, பயிற்சியைப் புதுப்பிக்காமல் பயணிகளையோ சரக்கையோ ஏற்றிப் பறக்க இயலாது. ஆகவே சம்பளம் வராவிட்டாலும் பறந்துகொண்டிருப்பதே அவர்களுக்குப் பிழைப்பைக் காக்கும் வழியாகிறது. விலகிப் போனால் நிலுவைப் பணம் மூழ்கிவிடுமோ என்ற அச்சம் வேறு. அடுத்த மாதம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உடனிருந்து கையைக் கட்டிப்போடுகிறது.

விடுப்பில் வந்திருந்த அவனிடம் நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன்: “சம்பளம் தராதவனுக்கு இரவு பகலாக எதற்கப்பா சுமை ஏற்றுகிறாய்?”

அவன் உடனே மறுமொழி சொல்லவில்லை. பிறகு சொன்னான்: “மாமா, சம்பளம் தராதது கம்பெனிக்காரன். நான் கட்டுகிற கட்டை நம்பி மேலே போகிறது நாலு பேர். அவர்களுக்கும் சம்பளம் வரவில்லை. கோபத்தில் ஒரு பட்டையைத் தளர்வாக விட்டால் அது யாருக்குப் போகும்?”

அவன் மிகைப்படுத்திப் பேசவில்லை என்பதை 2013 ஏப்ரல் 29இல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நடந்த விபத்து நமக்குச் சொல்கிறது. நேஷனல் ஏர்லைன்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், ஐந்து கவச வாகனங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மேலெழும்பும்போதே வாகனம் ஒன்று கட்டறுந்து பின்னோக்கி உருண்டு, விமானத்தின் பின்பகுதியிலிருந்த இயக்க அமைப்புகளைச் சிதைத்தது. விமானம் நிமிர்ந்து நின்று, அப்படியே தரையில் வீழ்ந்தது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். அத்தகைய சுமைக்குப் போதிய அளவில் கட்டுகள் போடப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. சரக்கு விமானத்தில் பயணிகள் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த ஏழு பேருக்கும் வீடுகள் இருந்தன.

தொழில் உலகம் விரும்பிச் சொல்லும் கதை ஒன்றுண்டு. 2025இல் மறைந்த ஃபிரெட் ஸ்மித் தொடங்கிய ஃபெடரல் எக்ஸ்பிரஸ், 1973 ஏப்ரல் 17 அன்று இரவு 14 சிறு விமானங்களில் 186 பொதிகளைச் சுமந்து தன் பயணத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. எரிபொருளுக்கும் பணமில்லாத ஒரு வாரத்தில், அவர் லாஸ் வேகாஸ் நகரில் சீட்டாடி 27,000 டாலர் வென்று வந்தார் என்று உடன் பணிபுரிந்தவர் எழுதியிருக்கிறார். அந்நாட்களில் ஊழியர்கள் பட்ட சிரமங்களும் தியாகங்களாகப் போற்றப்படுகின்றன. அந்நிறுவனம் வென்றதால் அவை தியாகங்கள் ஆயின. தோற்ற நிறுவனங்களிலும் ஊழியர்கள் அதே சிரமத்தைத்தான் பட்டார்கள். அதற்கு உலகம் ஏமாளித்தனம் என்று பெயர் வைத்தது. உழைத்தவனின் உழைப்புக்கு, முதலாளியின் வெற்றி தோல்வியைக் கொண்டு பெயரிடுவது நியாயமா?

திருச்சபையே சரக்கு விமானச் சேவை நடத்திய காலமும் உண்டு என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த உள்நாட்டுப் போரில், பியாஃப்ரா முற்றுகையிடப்பட்டு மக்கள் பட்டினியால் மடிந்தபோது, கத்தோலிக்கரின் காரித்தாஸ் அமைப்பும் பிற சபைகளும் கைகோத்து விமானங்களைத் திரட்டின. சாவோ தோமே தீவிலிருந்து இரவில் கிளம்பிய பழைய விமானங்கள், ஊலி என்னுமிடத்தில் ஓடுபாதையாக மாற்றப்பட்ட ஒரு சாலையில், விளக்குகள் சில நொடிகளே எரியும் இருளில் இறங்கின. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 60,000 டன் உணவும் மருந்தும் சென்று சேர்ந்தன. விமானங்களில் இருந்த ஆங்கில எழுத்துகளை வைத்து, விமானிகளே அதற்கு ‘இயேசு கிறிஸ்து ஏர்லைன்ஸ்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினர். பணியாளர் சிலர் அங்கே உயிரும் துறந்தனர். அவ்விமானிகளில் பலர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். கூலி பெற்றதால் அவர்களுடைய பணி எள்ளளவும் சிறுத்துப் போகவில்லை. தொண்டு செய்தவர்களே கூலி கொடுத்தார்கள் என்றால், இலாபத்துக்காகத் தொழில் நடத்துகிறவர் அதைத் தள்ளிப்போட என்ன காரணம் சொல்ல முடியும்?

நம் நாட்டில் 2016இல் வந்த திவால் சட்டம், மூழ்கிய நிறுவனத்தின் சொத்தை யார் யாருக்கு எந்த வரிசையில் பங்கிட வேண்டும் என்று வகுத்துள்ளது. தொழிலாளரின் இருபத்துநான்கு மாத நிலுவைக்கு, பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தோருக்கு நிகரான இடமும், ஏனைய ஊழியரின் பன்னிரண்டு மாத நிலுவைக்கு அதற்கு அடுத்த இடமும் அதில் உண்டு. காகிதத்தில் இது நல்ல வரிசையே. ஆனால் காலம் ஊழியர் பக்கம் இல்லை. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸைக் கலைத்துச் சொத்துகளை விற்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் ஓர் ஊழியரின் பிள்ளை பள்ளியை முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கும். பெற்றோருக்கு மருத்துவச் செலவு வந்திருக்கும். வீட்டுக் கடனின் வட்டி ஏறியிருக்கும். சட்டத்தின் வரிசையில் இவை எதற்கும் இடமில்லை.

என் அக்காள் மகனின் ஐந்து மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. அவன் இப்போது மதுரையில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். அங்கும் எடை பார்த்துத்தான் அடுக்கச் சொல்கிறானாம். இளைஞர்கள் அவனைக் கேலி செய்கிறார்களாம். அக்காளுக்கு இன்னும் ஆற்றாமைதான். “பாடுபட்ட காசைத் தராதவன் நன்றாயிருப்பானா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் என்னிடம் விடையில்லை.

ஆனால் நம் கைக்கு எட்டிய தூரத்தில் ஒன்று இருக்கிறது. இராஜபாளையத்து நூற்பாலையானாலும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிக்கூடமானாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சும் அடுப்பங்கரையானாலும், நம்மில் பலர் இரண்டு பேருக்கேனும் வேலை கொடுக்கிறவர்கள். தொழில் நலிந்த மாதத்தில் கையில் இருக்கும் பணம் எல்லாருக்கும் போதாது. மின்கட்டணம் செலுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். வங்கிக்கு வட்டி கட்டாவிட்டால் அறிவிப்பு வரும். வேலையாள் மட்டும் பொறுத்துக்கொள்வான். பொறுத்துக்கொள்கிறான் என்பதாலேயே அவனைப் பட்டியலின் கடைசியில் எழுதுகிறோம். அன்பு வாசகர்களே, அடுத்த மாதக் கணக்கை எழுத அமரும்போது அந்தப் பட்டியலில் முதல் வரியாக யார் பெயரை எழுதப் போகிறோம்?