அகிஹாபாராவில் ஒரு இடது கண்

டோக்கியோவில் யமனோதே லைன் என்று ஒரு ரயில், ஊரைச் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏறித் தூங்கிப் போனாலும் பாதகமில்லை. ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஏறின இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். அதில் அகிஹாபாராவில் இறங்கி, 'எலெக்ட்ரிக் டவுன்' என்று எழுதிய வாசல் வழியே வெளியே வாருங்கள். ஒரே சமயத்தில் நாலு கல்யாண வீட்டு ஸ்பீக்கர் காதில் விழும்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற பேட்டை இது. ஸ்டேஷனுக்கு எதிரே 'ரேடியோ கைகான்' என்று பத்து மாடிக் கட்டடம். பழசு 2011-ல் மூடப்பட்டு, புதுசு 2014-ல் திறந்தது. பெயரில்தான் ரேடியோ. உள்ளே மாடிக்கு மாடி பொம்மை, பொம்மை, பொம்மை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் சாஷ்டாங்கமாக உட்கார்ந்து, பார்ட்டி பர்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பவர் குழந்தை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். டை கட்டிய ஆபீஸ் ஆசாமி!

இந்த பொம்மைகளில் இரண்டு ஜாதி. ஒன்று, வர்ணம் பூசி ரெடியாக வருவது. காசு கொடுத்தோமா, ஷெல்ஃபில் வைத்தோமா, முடிந்தது. இன்னொன்று 'கராஜ் கிட்'. பாலிதீன் பையில் கை தனி, கால் தனி, தலைமயிர் தனியாக, சந்தன வெள்ளையில் ரெசின் துண்டுகள். கூட ஒரு காகிதம். வர்ணம், பசை எல்லாம் உங்கள் பாடு.

யாரோ ஒரு சிற்பி வீட்டில் உட்கார்ந்து செதுக்கி, சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றி வார்க்கிறார். சில பத்து வார்ப்புகளிலேயே அச்சு கிழிந்துவிடும். இதை விற்க ஒரு திருவிழாவே இருக்கிறது: வொண்டர் ஃபெஸ்டிவல். 1985-லிருந்து நடக்கிறது. இப்போது சிபா பக்கம் மகுஹாரி மெஸ்ஸே மண்டபத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை. இதைத் தொடங்கிய ஜெனரல் ப்ராடக்ட்ஸ், ஒசாகாவில் பொம்மைக் கடை வைத்திருந்த கோஷ்டி. அதே ஆட்கள் சேர்ந்து ஆரம்பித்த கைனாக்ஸ் ஸ்டூடியோதான் 1995-ல் 'எவாஞ்ஜெலியன்' என்ற டி.வி. தொடரை எடுத்து ஜப்பானையே ஆட்டிவைத்தது. அந்த ஸ்டூடியோவே 2024-ல் திவால் மனு போட்டது. பி.காம். படித்தவனுக்கு இதில் எங்கெங்கோ வலிக்கும்.

விழாவில் இன்னொரு விநோதம். பாத்திரத்தின் உரிமையாளர்கள் அமெச்சூர் சிற்பிக்கு அந்த ஒரு நாளைக்கு மட்டும் விற்க அனுமதி கொடுக்கிறார்கள். சாயந்தரம் மண்டபத்தை மூடினால் அனுமதியும் மூடியாச்சு. மறுநாள் போய், "அண்ணே, ஒண்ணு கிடைக்குமா?" என்றால் கிடைக்காது. அதாவது, வாங்கின கிட்டில் முகத்தைக் கெடுத்துக்கொண்டால் மாற்று முகம் கிடையாது!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் புரிந்தது. அகிஹாபாராவில் மணிக்கு இவ்வளவு யென் என்று மேஜை வாடகைக்கு விடும் இடங்கள் உண்டு. தீப்பெட்டி சைஸ் வீட்டில் தின்னர் வாசனையோடு குடித்தனம் நடத்த முடியாதே! அங்கே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டி இருக்கிறது, ஸ்ப்ரே அடிக்கலாம்.

பக்கத்து மேஜைக்காரருக்கு முப்பது வயசு இருக்கும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கண்ணில் பூதக் கண்ணாடி மாட்டியிருந்தார். எதிரே எவாஞ்ஜெலியனின் ரெய் அயனாமி. நீலக் கிராப்பு, வெள்ளை உடுப்பு. சிவப்பாக இருக்க வேண்டிய கண் மட்டும் இன்னும் வரவில்லை. அவருடைய உடைந்த இங்கிலீஷும் என்னுடைய உடைந்த இங்கிலீஷும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவாம். நம்ம ஜாதி!

"எத்தனை நாளா பண்றீங்க?"

"மூணு மாசம். வாரத்துக்கு ஒரு நாள்."

அச்சு எண்ணெய் போகப் பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தல், காற்றுக் குமிழி ஓட்டைகளைப் புட்டியால் அடைத்தல், மூட்டுக்கு மூட்டு துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகல், நானூறு, அறுநூறு, எண்ணூறு நம்பர் உப்புத்தாள், அப்புறம் ப்ரைமர். மூணு மாசம் ஆகாமல் என்ன செய்யும்?

கண்ணுக்கு ஒரு சூட்சுமம் சொன்னார். அடியில் தோல் நிறம் லாக்கர் பெயின்ட். அதன் மேல் கண்ணை எனாமலில் வரைய வேண்டும். பிசகினால் எனாமல் தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். எனாமல் போகும், லாக்கர் அசையாது. பென்சிலில் எழுதிய பேரேடு மாதிரி!

வலது கண் வந்துவிட்டது. மேல் இமைக் கோடு, உள்ளே கருஞ்சிவப்பு, கீழே வெளிறிய சிவப்பு, ஓரமாக வெள்ளையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் பொம்மை பார்த்தது! எனக்குச் சற்று உடம்பு சிலிர்த்தது.

பிறகு இடது கண். வரைந்துவிட்டுச் சின்னக் கைக்கண்ணாடியில் முகத்தைக் காட்டினார். இடம் வலமாகப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடுமாம். ரெய் கொஞ்சம் மாறுகண்ணாக இருந்தாள். துடைத்தார். மறுபடி வரைந்தார். கண்ணாடி. துடைத்தார். மூன்றாவது தடவை எனக்கே நன்றாகத்தான் பட்டது. "சரியா இருக்கே சார்!" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதையும் துடைத்தார்.

"ஆபீஸ்ல மாசக் கணக்கு முடிச்சா அடுத்த மாசம் வந்துடும். அங்கே எதுவும் முடியறதே இல்ல. இது ஒரு நாள் முடியும். அதனால அவசரப்பட மாட்டேன்" என்றார்.

நேரம் முடிந்ததென்று கடைப்பையன் வந்து குனிந்தான். அவர் தூரிகைகளைக் கழுவி, ஒற்றைக் கண் ரெய்யைப் பஞ்சு வைத்த டப்பாவில் படுக்கவைத்து மூடினார். கோட்டை மாட்டிக்கொண்டதும் மறுபடி அசல் குமாஸ்தா.

"அடுத்த வியாழன்" என்றார், ரயிலுக்கு ஓடிக்கொண்டே. பாக்கி, இடது கண் ஒன்று. அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டது.