கண்டிக்கும் சூரியப் புயலுக்கும் என்ன தொடர்பு?

2024 மே 10, 11ஆம் திகதிகளில் பூமியைத் தாக்கிய காந்தப் புயல், இருபது ஆண்டுகளில் வந்தவற்றுள் மிகக் கடுமையானது. லடாக்கின் ஹன்லே வானம் செந்நிறமாக ஒளிர்ந்ததைப் படங்களில் பார்த்தோம். கண்டியில் எதுவும் தெரியவில்லை. “அது துருவ நாட்டுக்காரர்களின் கவலை” என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1989 மார்ச் 13ஆம் திகதி இத்தகைய புயலொன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஏறத்தாழ 9 மணிநேரம் இருளில் ஆழ்த்தியது. அதே ஆண்டில் கண்டியும் பல இரவுகள் இருண்டு கிடந்தது. எங்கள் இருளுக்குச் சூரியன் காரணமன்று. மின்மாற்றிகளைத் தகர்த்தவர்கள் மனிதர்கள். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்கு வெளியுலகின் குரலாக இருந்தது, பற்றரியில் இயங்கிய வானொலிப் பெட்டியில் சிற்றலை வழியே வந்த பிபிசி தமிழோசை. அது சில இரவுகளில் நடுங்கும், தேயும், இரைச்சலில் அமிழ்ந்துபோகும். “குழப்புகிறார்கள்” என்பார்கள் பெரியவர்கள். அச்சம் மிகுந்த காலத்தில் ஒவ்வோர் இரைச்சலுக்குப் பின்னாலும் ஒரு கையைத் தேடுவது மனித இயல்பு.

ஆனால் சிற்றலை, உயரே உள்ள அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் தொலைநாடுகளை அடைகிறது. அந்த மண்டலத்தை உருவாக்குவன சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும். பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அண்மையாகச் செல்வதால், பொழுது சாய்ந்தபின் நம் தலைக்கு மேலுள்ள அயனமண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் மேலெழுகின்றன. அவற்றில் அகப்படும் அலைகள் சிதறுகின்றன. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியன் உச்சம் பெறும்போது இது மிகுதி. 1989 அத்தகைய உச்ச ஆண்டு. அன்றைய நடுக்கத்துக்குச் சதி தேவையில்லை. எங்கள் வானமே போதுமானது.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றது. எனினும் இன்று கைபேசிக்கு இடம் காட்டும் செய்மதிச் சமிக்ஞை, அதே அயனமண்டலத்தைக் கடந்தே வருகிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இணையச் சேவை இலங்கைக்கு வந்தது. அதே நிறுவனம் 2022 பெப்ரவரியில் ஏவிய 49 செய்மதிகளில் 38, காந்தப் புயலால் வெப்பமுற்று விரிந்த வளிமண்டலத்தில் உராய்ந்து அழிந்தன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தைச் சிதைத்தபோது, உறவுகளின் குரலைக் கேட்க இயலாமல் தவித்தவர்கள் பலர். அத்தகைய ஓர் இரவில் செய்மதித் தொடர்பும் தடுமாறினால், மக்கள் மீண்டும் இருளில் ஒரு கையைத் தேடுவார்கள். வதந்தி முந்திக்கொள்ளும். இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் 2024 ஜனவரி முதல் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று சூரியனைக் கண்காணிக்கிறது. மழைக்கும் காற்றுக்கும் இடம் ஒதுக்கும் நமது நாளிதழ்கள், சூரியனின் நிலைக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். அந்த ஒரு வரி, வதந்திக்கு முன்னே வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.