மஞ்சள் லைட் எங்கம்மா இருக்கு?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர் என் பெரியப்பா. இரும்புத் துண்டில் நூலிழை கோணல் இருந்தாலும் பிடித்துவிடுவார். போன மாதம் வலது கண்ணைக் கசக்கியபடியே ஜன்னல் கம்பியைக் காட்டி, “இது எப்போ வளைஞ்சுது?” என்று கேட்டார். கம்பி நேராகத்தான் இருந்தது.

நூம்பல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு 2017-ல் வந்தது. எங்கள் பக்கத்து முதியவர்களுக்குக் கண் வைத்தியத்துக்காக எழும்பூர் வரை அலைவது குறைந்தது பெரிய நிம்மதி.

முதலில் ஒரு அட்டை தந்தார்கள். பத்து சென்டிமீட்டர் சதுரம், உள்ளே 400 குட்டிக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. சுவிஸ் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் பரவலாக்கிய சோதனை. வலது கண்ணில் எல்லாம் சரி. அதை மூடியதும் பெரியப்பா திகைத்தார். “நடுவுல அழிச்ச மாதிரி இருக்கு. கோடெல்லாம் நெளியுது.” கையை எடுத்தார். “ரெண்டு கண்ணும் திறந்தா நேராத்தானே தெரியுது!” எத்தனை நாளாக ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மறைத்துக்கொண்டிருந்ததோ! நினைக்கவே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஸ்கேனில் விழித்திரையின் மையமான மாகுலாவுக்கு அடியில் நீர் கசிவது தெரிந்தது. வயதானால் வரும் மாகுலா சிதைவில் இது ஈர வகை. சில வாரங்களிலேயே நடுப்பார்வையைத் தின்றுவிடக்கூடியது. கசிவு எங்கே என்று ஸ்கேன் சொல்லும். எந்தெந்த இடத்தில் எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்பதை ஃபீல்டு டெஸ்ட் என்ற பார்வைப் பரப்புச் சோதனைதான் சொல்லும்.

இருட்டறை. வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைத்தார். வலது கண்ணுக்கு மறைப்பு, கையில் பட்டன்.

“நடுவுல மஞ்ச லைட் தெரியுதா ஐயா? அதையே பாருங்க. வேற எங்க வெளிச்சம் வந்தாலும் பட்டனை அழுத்துங்க.”

“மஞ்ச லைட் எங்கம்மா இருக்கு?”

இந்த நோயின் கொடுமை இதுதான். நடுவைப் பார் என்கிறது சோதனை, போனதே நடுதான். சோதனை செய்த பெண் பதறவில்லை. ஏதோ தட்டினார். கீழே நான்கு சிறு விளக்குகள் சாய்சதுரமாக எரிந்தன. “அந்த நாலுக்கும் நடுவுல பாருங்க, போதும்.”

மையத்தைச் சுற்றி 68 இடங்களில், இரண்டிரண்டு டிகிரி இடைவெளியில் ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றும் நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்னும். கண் நகர்ந்தால் கணக்கு கெடும். அதனால் எல்லோர் கண்ணிலும் இயற்கையாகவே உள்ள குருட்டுப்புள்ளியில் இடையிடையே ஒளி போட்டுப் பார்க்கிறது கருவி. அதற்கும் பட்டன் அழுத்தினால் கண் அலைந்துவிட்டது என்று பொருள். நடுப்பார்வை இழந்த கண் நாளடைவில் பக்கத்தில் வேறொரு நல்ல இடத்தால் பார்க்கப் பழகிவிடும். அப்போது வரைபடமே இடம் மாறும். விழித்திரையைத் தொடர்ந்து கவனித்தபடியே சோதிக்கும் மைக்ரோபெரிமெட்ரி வந்தது அதற்காகத்தான்.

பெரியப்பாவின் முடிவுத் தாளில் நடுவே கறுப்புத் திட்டு. சுற்றிலும் நல்ல வெளுப்பு. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஒன்றோடு நிற்காது என்றார்கள். “இருக்கறதக் காப்பாத்தினா சரி” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் கட்ட அட்டையைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். பழைய எஃகு ஸ்கேலை எடுத்து, சுவரிலிருந்து கண்ணுக்கு முப்பது சென்டிமீட்டர் அளந்து நின்றார். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்க வா. ஒரு கண்ண மூடிட்டுப் பாரு.”