முப்ளி வண்டு வரும் ஊர்

திருச்சூரைக் கடந்து கொச்சி செல்லும் நெடுஞ்சாலையில் ஆம்பல்லூர் என்று ஓர் ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பும் சாலை வரந்தரப்பிள்ளி, பாலப்பிள்ளி வழியாகச் சிம்மினி அணைக்குப் போகிறது. முதலில் தென்னையும் வாழையும் கண்ணில் படும். மலையை நெருங்க நெருங்க ரப்பர்தான். இந்த வட்டாரத்தில் இருக்கும் சிற்றூர் முப்ளியம். ஊர் சிறியதானாலும் அதன் பெயரைக் கேட்டாலே கேரளத்தில் பலரும் முகம் சுளிப்பார்கள். காரணம் ஒரு வண்டு. இங்குள்ள ரப்பர் தோட்டங்களில் முதலில் கவனிக்கப்பட்டதால் அதற்கு 'முப்ளி வண்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 'ஓட்டெருமை' என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ்.

வண்டு ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. கறுப்பு நிறம். கடிக்காது, கொட்டாது, ரப்பர் மரத்துக்கும் தீங்கு செய்யாது. ஆனாலும் கோடை மழை தொடங்கும் ஏப்ரல் வாக்கில் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் குடியிருப்பது பெரும்பாடு. முதல் மழை பெய்து முடிந்த மாலையில், விளக்கு எரியும் வீட்டை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஓட்டின் அடியில், மச்சில், சுவர் விரிசலில், படத்துக்குப் பின்னால் அப்பிக்கொள்கின்றன. ஒரே வீட்டில் 5 லட்சம் முதல் 40 லட்சத்துக்கும் மேல் வண்டுகள் அடைந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சோற்றிலும் படுக்கையிலும் விழும். நசுங்கினாலோ சீண்டினாலோ நெடியுள்ள ஒரு திரவத்தைக் கக்கும். அது பட்ட இடத்தில் தோல் எரிந்து புண்ணாகும். கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு ராத் தூக்கம் போய்விடும்.

இந்த நெருக்கடியில்தான் பலரும் தவறான வழியில் இறங்குகிறார்கள். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் கலக்கி மச்சிலும் படுக்கையறையிலும் அடிப்பது மிகவும் ஆபத்து. வண்டு சாகலாம், ஆனால் நஞ்சு வீட்டுக்குள்ளேயே தங்கும். செத்த வண்டு நஞ்சோடு சேர்ந்து தண்ணீர்க் குடத்திலும் விழும். பயிருக்கான மருந்து வீட்டுக்கு ஆகாது.

வண்டின் ஓராண்டுக் கணக்கைப் பார்த்தால் வழி தெரியும். வீட்டுக்குள் வந்த வண்டு அங்கே தின்பதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை. ஏறக்குறைய 8, 9 மாதம் அசையாமல் அடைந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிரும்போது விழித்துத் தோட்டத்துக்குத் திரும்பும். சருகுக்கடியில் முட்டையிடும், புழுவும் அங்கேயே வளரும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். புதிய தலைமுறை வண்டாகி நிற்கும் நேரத்தில் கோடை மழை வரும்; அவை வீட்டுக்குக் கிளம்பும். ஆக, வீடு அதற்குத் தங்குமிடம் மட்டுமே. பெருகுவது தோட்டத்துச் சருகில்.

அந்தச் சருகிலும் வண்டு அதிகம் விரும்புவது பழுத்து விழுந்த இலையை அல்ல, இளந்தளிரை. தளிர் ஏன் விழுகிறது? இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் சமயத்தில் சாம்பல் நோய் தாக்கினால் தளிர் சுருங்கிக் கொட்டிவிடும். அதுவே வண்டுக்கு விருந்து. சாம்பல் நோய்க்கு ரப்பர் வாரியம் பரிந்துரைக்கும் முறையில் தளிர் விடும் பருவத்தில் கந்தகத்தூள் தூவினால் மரத்தின் தழையும் காப்பாற்றப்படும். வண்டின் தீனியும் குறையும். ஒரே செலவில் இரண்டு பலன்.

தோட்டச் சருகு முழுவதையும் வாரிவிட வேண்டியதில்லை. மண்ணின் ஈரத்துக்கும் உரத்துக்கும் அது தேவை. தீ வைப்பது அறவே கூடாது. கோடையில் ஒரு பொறி தோட்டத்தையே அழித்துவிடும். வீட்டை ஒட்டிய பகுதிச் சருகை மட்டும் பிப்ரவரி, மார்ச்சில் கூட்டி, குழியில் போட்டு, சாணிக்கரைசல் தெளித்து மண் மூடினால் மட்கு உரமாகும். ஆனால் பக்கத்துத் தோட்டம் அப்படியே கிடந்தால் வண்டு அங்கிருந்து வரும். ஆகவே ஊரார் சேர்ந்து செய்வதே பயன் தரும்.

மழைக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. சுவர் விரிசலைப் பூசவும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கவும். முதல் மழைக்குப் பிந்தைய சில நாட்கள் அந்தி நேரத்தில் வீட்டு விளக்குகளைக் கூடுமான வரை அணைத்து வைக்கவும். வீட்டிலிருந்து தள்ளி ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழ் அகலப் பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வைத்தால் வெளிச்சத்துக்கு வரும் வண்டு அதில் விழும். உள்ளே வந்தவற்றை நசுக்காமல் துடைப்பத்தால் கூட்டிச் சோப்புத் தண்ணீரில் தள்ளவும். மேலே பட்டால் தேய்க்காமல் தட்டிவிட்டுக் கழுவவும். காதுக்குள் போனால் குச்சி விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் செல்லவும்.

குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வளர்க்கும் குமரி மாவட்ட விவசாயிகளும் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது. ஏப்ரலில் துடைப்பம் எடுப்பதைவிட ஜனவரியில் தோட்டத்துத் தளிரைக் கவனிப்பது எளிது, செலவும் குறைவு.